கட்டினவர் யார்?

நகரசபையிலிருந்து வந்த கடிதத்தைத் தையல்காரம்மா மூன்று முறை படித்தாள். கண்ணாடி இல்லாமல் ஒரு முறை, கண்ணாடியோடு ஒரு முறை, பிறகு வாய்விட்டு ஒரு முறை. ம்ஹூம், பிடிபடவில்லை. "மேற்படி சொத்தின் பின்பகுதியில் முன் அனுமதியின்றி எழுப்பப்பட்டுள்ளதாகக் காணப்படும் கட்டுமானமானது, கட்டியது கட்டியபடி சான்று பெறப்படாத பட்சத்தில், அறுபது நாள்களுக்குள் அகற்றப்படுவதற்கு உட்பட்டது" என்று ஒரே மூச்சில் ஓடியது வாக்கியம். தையலில் இவ்வளவு நீளத்துக்கு நிறுத்தாமல் ஓட்டினால் நூல் அறுந்துவிடும். எழுதினவருக்கு எதுவும் அறுந்ததாகத் தெரியவில்லை.

கூடவே ஒரு படம் இருந்தது. முதலில் அதை யாரோ வீட்டுத் தரைக்கல் என்று நினைத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்த பிறகுதான், கொடியில் காயும் தன் பச்சைப் போர்வை கண்ணில் பட்டது. வானத்திலிருந்து எடுத்திருக்கிறார்கள்! தன் வீட்டைத் தலைக்கு மேலிருந்து பார்ப்பது அவளுக்கு இதுவே முதல் தடவை. பின்னால் இருந்த தையல் அறையைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு சதுரம். அந்தச் சதுரத்தைப் பார்த்த பிறகு "அகற்றப்படுவதற்கு" என்ற ஒரு சொல் மட்டும் நன்றாக விளங்கியது.

பன்னிரண்டுக்குப் பத்து அடி அறை. செங்கல் சுவர், மேலே ஷீட். உள்ளே இரண்டு தையல் மிஷின், துணி வெட்டும் மேசை, ஆளுயரக் கண்ணாடி, அளவு கொடுக்க வருகிற பெண்கள் மறைந்து நிற்க ஒரு திரை. புதுத்துணி தைப்பவர்கள் அந்தத் தெருவிலேயே நாலு பேர் உண்டு. பழையதைப் பிரித்துத் தைப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. இடுப்பு பெருத்தவர்களும் இளைத்தவர்களும், அக்காவின் சீருடையைத் தங்கைக்குப் போட நினைக்கும் தாய்மார்களும் பக்கத்துச் சந்து வழியாக நேரே அந்த அறைக்கு வந்துவிடுவார்கள். வீட்டின் மற்ற பகுதியில் கூடம், படுக்கையறை, சமையலறை ஆகிய மூன்றும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. அங்கே மிஷினைப் போட்டால் மனிதர்கள் தெருவில் நிற்க வேண்டியதுதான். அந்த அறை போனால் தன் பிழைப்பும் போய்விடும் என்று அவளுக்குத் தெரிந்தது. பிழைப்பு மட்டுமா? காலையில் எழுந்ததும் தன்னுடையது என்று போய் உட்கார அவளுக்கு இருந்த ஒரே இடமும் அதுதான்.

இதில் பெரிய வேடிக்கை, அவள் கணவர் ஒரு கொத்தனார். வெறும் கொத்தனார் இல்லை, மேஸ்திரி. ஊரில் பாதி வீட்டைக் கட்டினவர், மீதிப் பாதியைக் குறை சொன்னவர். தெருவில் நடந்து போகும்போதே, "இந்தச் சுவரு வயித்த தள்ளிக்கிட்டு நிக்குது பாரு" என்பார். தன் கீழே வேலை செய்த ஒருவன் காலையில் எழுப்பிய சுவரை மதியம் ஒரே மிதியில் சாய்த்துவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோலச் சாப்பிட உட்கார்ந்தவர். முட்டி தேய்ந்து வேலையை விட்டு மூன்று வருடம் ஆகிறது, கண் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே எதிர்வீட்டு மதிலைக் கண்டித்துக்கொண்டிருப்பார். கடிதத்தைக் காட்டியதும் தூரமாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "போய் என்னன்னு கேளு" என்று மட்டும் சொன்னார்.

கேட்கப் போனாள். நகரசபையில் ஐந்தாம் எண் சாளரத்தில் ஒரு பெண் எழுத்தர் உட்கார்ந்திருந்தார். அவருக்குக் கடுமையான ஜலதோஷம். ஒரு கையில் பேனா, மறு கையில் கைக்குட்டை. தலையை நிமிர்த்தாமலே படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"பேரு?"

சொன்னாள்.

"வயசு?"

"அறுபத்தி மூணு."

"கல்யாணம் ஆனவங்களா?"

"ஆயி நாப்பது வருஷமாச்சும்மா."

"வீடு யாரு பேர்ல?"

"என் பேர்லதான். எங்கப்பா எழுதி வெச்சது."

"கட்டினவர் யாரு?"

கல்யாணத்தைக் கேட்டவர்கள் அடுத்து அதைத்தானே கேட்பார்கள்? கணவர் பெயரைச் சொன்னாள்.

"அவரு என்ன தொழில்?"

"கொத்தனாரு. மேஸ்திரின்னுதான் எல்லாரும் கூப்பிடுவாங்க."

எழுத்தர் முதன்முதலாக நிமிர்ந்து பார்த்தார். "லைசென்ஸ் உண்டா?"

"உண்டு. சட்டம் போட்டு மாட்டியிருக்கோம்."

"அட, அப்ப ரொம்ப நல்லதாப் போச்சு. கட்டி எத்தன வருஷம்?"

"இப்பத்தானேம்மா சொன்னேன், நாப்பது."

"இதுவரைக்கும் விரிசல் ஏதாவது?"

தையல்காரம்மாவுக்குச் சுருக்கென்றது. நகரசபைக்கு இதெல்லாம் எதற்கு? பின்னால் வரிசையில் நின்றவர்கள் வேறு காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். ஆனால் வீட்டுக் கூரையையே வானத்திலிருந்து படம் எடுக்கிறவர்கள் வீட்டுக்குள் நடப்பதைக் கேட்காமல் விடுவார்களா? குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அப்பப்ப வரும். பேசித் தீத்துக்குவோம்" என்றாள்.

எழுத்தர் ஒரு பெரிய தும்மல் போட்டு, மூக்கைத் துடைத்து, சொன்னதைச் சொன்னபடி எழுதிக்கொண்டார். பிறகு படிவத்தோடு இன்னொரு தாளை இணைத்து நீட்டினார். "கட்டினவர் இதுல ஒரு கையெழுத்துப் போட்டா போதும்மா. லைசென்ஸ் இருக்கிறதால ஆள் வந்து தோண்டிப் பாக்க வேண்டியதில்ல. நேரா சான்று குடுத்துடுவாங்க."

எதைத் தோண்டுவது, அவருடைய லைசென்சுக்கும் தன் அறைக்கும் என்ன சம்பந்தம் என்றெல்லாம் அவளுக்குக் கேள்விகள் இருந்தன. அதற்குள் அடுத்த எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள். குழப்பத்தை அப்படியே மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

மேஸ்திரி படிவத்தை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தார். படிக்கப் படிக்கப் புருவம் ஏறிக்கொண்டே போனது.

"கட்டியவர்னு எம் பேரு போட்டிருக்கு."

"ஆமா."

"கட்டிய ஆண்டு, நாப்பது வருஷத்துக்கு முன்னாடி."

"ஆமா, அதுக்கென்ன?"

"விரிசல்... அவ்வப்போது வரும், பேசித் தீர்த்துக்கொள்ளப்படும்." மேஸ்திரி தாளை இறக்கினார். "விரிசல எவன் பேசித் தீத்தான்? கலவ பூசித்தான் தீக்கணும்!"

அப்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயையோ! கட்டினவர் யாருன்னு கேட்டாங்க. என்னக் கட்டினவர்னுல்ல நெனச்சேன்!" சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கண்ணில் நீர் வரச் சிரித்தாள். மேஸ்திரியின் மீசைகூட ஒரு பக்கம் அசைந்தது.

சிரித்து ஓய்ந்த பிறகுதான் எழுத்தர் சொன்னது முழுதாக விளங்கியது. தெரியாமல் சொன்னாலும் எவ்வளவு தோதாக வந்து விழுந்திருக்கிறது! ஒரு கையெழுத்து, அதோடு அறை தப்பித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"நான் எப்படிப் போடறது?" என்றார் மேஸ்திரி.

"பேனாவாலதான்."

"நான் கட்டலியே."

"யாருக்குங்க தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே. அது என் வேல இல்ல." பேனாவை அவள் பக்கமாக நகர்த்திவிட்டு எழுந்து குளிக்கப் போய்விட்டார்.

"அது என் வேலை இல்லை." சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனாலும் அந்த வார்த்தை அவளைக் குத்தியது. முப்பத்தோரு வருடமாக உள்ளே மூடி வைத்திருந்த ஒரு பயம் மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது.

ஏனென்றால் அந்த அறையைக் கட்டியது அவளேதான்.

அந்தச் சமயம் மேஸ்திரி ஊரில் இல்லை. எங்கேயோ தூரத்தில் அணை கட்டுகிறார்கள் என்று போய் இரண்டு வருடம் அங்கேயே இருந்தார். மகளுக்கு ஐந்து வயது. ஒரு பள்ளிக்கூடத்தின் சீருடை முழுவதையும் தைக்கும் வேலை தையல்காரம்மாவுக்குக் கிடைத்தது. அதை வைத்துத் தைக்கத்தான் இடமில்லை. கணவர் அனுப்பியதில் மிச்சம் பிடித்துச் செங்கல்லும் மணலும் சிமெண்டும் இறக்கினாள். பேசி வைத்த கொத்தனார் ஒரு நாள் வந்தார், சுண்ணாம்பால் கோடு போட்டார், நாளைக்கு வருகிறேன் என்று போனார். அவருடைய அந்த நாளை இன்னும் வரவில்லை. மழைக்காலம் நெருங்கியது. மூட்டையிலேயே சிமெண்ட் இறுகிப் போய்விடும் என்ற பதைப்பில், பத்து நாள் பார்த்துவிட்டு ஒரு காலையில் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அவளே இறங்கிவிட்டாள்.

சுவர் கட்டுவது பற்றி அவளுக்கு என்ன தெரியும்? சாப்பாட்டு நேரத்தில் அவர் பேசியது தெரியும். கல்யாணமான நாளாக எந்த மடையன் கலவையில் மணலைக் கூட்டினான், எவன் செங்கல்லை ஊறப்போடாமல் வைத்தான், எவன் கட்டின சுவருக்குத் தண்ணீர் விடாமல் காயப்போட்டான் என்று திட்டிக்கொண்டேதான் அவர் சாப்பிடுவார். திட்டு வாங்கியவர்கள் செய்த எதையும் செய்யாமல் இருந்தால் சுவர் நின்றுவிடும் என்று அவள் கணக்குப் போட்டாள். தூக்குக்குண்டை அவர் கொண்டுபோயிருந்தார். மிஷின் நூலை நாலாக முறுக்கி, நுனியில் பெரிய கத்தரிக்கோலைக் கட்டித் தொங்கவிட்டு நேர் பார்த்தாள். துணிக்குக் கோடு போடும் சாக்கட்டியால் செங்கல் வரிக்கு வரி குறி வைத்தாள். ஒரு நாளைக்கு மூன்று வரிக்கு மேல் ஏற்றவில்லை. அக்கம்பக்கத்தார் வந்து எட்டிப் பார்த்து, இது ஏதடா கூத்து என்று சிரித்துவிட்டுப் போனார்கள். கதவு வைக்கவும் ஷீட் போடவும் மட்டும் ஆள் பிடித்தாள். மற்றதெல்லாம் அவள் கை.

மேஸ்திரி திரும்பி வந்த நாள் அவளுக்கு மறக்கவில்லை. பெட்டியை வாசலில் வைத்தார், மகளைத் தூக்கிக் கொஞ்சினார், பின்பக்கம் போனார். அவள் சமையலறை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். அறையை மூன்று சுற்றுச் சுற்றினார். பையிலிருந்து தூக்குக்குண்டை எடுத்து நான்கு மூலையிலும் பிடித்துப் பார்த்தார். சின்னச் சுத்தியலால் அங்கங்கே தட்டினார். காலைத் தூக்கப் போகிறார், ஒரே மிதிதான் என்று அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவர் மிதிக்கவில்லை. உள்ளே வந்து கை கழுவி உட்கார்ந்து, "சோறு போடு" என்றார். அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. மறுவருடமும் சொல்லவில்லை.

முதல் சில வருடங்கள் அவள் காத்திருந்தாள். பிறகு காத்திருப்பதை விட்டுவிட்டு, தானே பதில் சொல்லிக்கொண்டாள். நல்லதாக இருந்தால் வாய் விட்டுச் சொல்லியிருக்க மாட்டாரா? பெண்டாட்டி மனசு நோகக் கூடாது என்று மென்று விழுங்கிக்கொண்டிருக்கிறார். அதனால்தான் அந்த அறைப் படியைத் தாண்டி அவர் உள்ளே வருவதே இல்லை. பெண்கள் அளவு கொடுக்கிற இடம் என்பதால் வரவில்லை என்றும் ஒரு பக்கம் தோன்றும். அப்படித் தோன்றினாலும் மனம் ஒப்பாது. நேரே கேட்டுவிடலாம்தான். கேட்டு, அவர் சொல்லிவிட்டால்?

இப்போது கையெழுத்தும் போட மாட்டேன் என்கிறார். ஆக, சுவர் மோசம். பேர் கெட்டுவிடும் என்று பயப்படுகிறார். அடுத்த நிமிடமே, மோசமான சுவர் முப்பத்தோரு வருடம் எப்படி நிற்கும் என்றும் கேட்டுக்கொண்டாள். நல்ல சுவரென்றால் கையெழுத்துப் போடுவதற்கு என்ன கேடு? எந்தப் பக்கம் போனாலும் முட்டிக்கொண்டு திரும்ப வேண்டியிருந்தது.

மகளுக்குப் போன் போட்டாள். மகள் எப்போதும்போல ஒரே வீச்சில் தீர்ப்புச் சொன்னாள். "அப்பாகிட்ட குடும்மா போன. ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு பிகுவா?"

போன் கை மாறியது. மேஸ்திரி பத்து நிமிடம் "ம்" போட்டார். கடைசியில், "நீ சொல்றது எல்லாம் சரிதான். ஆனா நான் கட்டலியேம்மா" என்று சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்தார். "உங்க ரெண்டு பேரையும் கட்டி மேய்க்க முடியாது" என்று மகள் வைத்துவிட்டாள்.

அந்த வாரம் அவளுக்கு வேலை ஓடவில்லை. ஒரு பெண்ணின் சட்டைக்கு இடது கையை வலது பக்கம் வைத்துத் தைத்துவிட்டாள். இன்னொருவரின் கால்சட்டையைக் குறைக்கச் சொன்ன பக்கம் நீட்டிவிட்டாள். சுவரைப் பார்க்கும்போதெல்லாம் அது சாய்ந்திருப்பதாகத் தோன்றியது. தலையைச் சாய்த்துப் பார்த்தால் நேராக இருப்பதாகத் தோன்றியது. வேறு வழியில்லாமல் எட்டாம் நாள் மறுபடியும் ஐந்தாம் எண் சாளரத்தில் போய் நின்றாள். எழுத்தருக்கு ஜலதோஷம் சற்றுத் தேவலாமாக இருந்தது.

"கட்டினவர் பேர மாத்தணும்மா."

"ஏம்மா, வேற யாரு கட்டினது?"

"நான்தான்."

எழுத்தர் படிவத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி படிவத்தில் விரிசலைப் பற்றி எழுதியிருந்த இடத்தைப் பார்த்தார். மெல்ல விஷயம் புரிந்து கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். "உங்களக் கட்டினவர கேக்கலம்மா, அறையக் கட்டினவர கேட்டேன்!" பிறகு சிரிப்பை அடக்கி, கொஞ்சம் வருத்தத்தோடே சொன்னார். "ஆனா உங்களுக்கு லைசென்ஸ் இல்லியே. இனிமே இஞ்சினியர் வருவாங்க. ரெண்டு எடத்துல அஸ்திவாரத்தத் தோண்டிப் பாப்பாங்க. சரியில்லன்னா இடிக்கத்தான் சொல்லுவாங்க. பேசாம அவரு பேரே இருக்கட்டுமா?"

ஒரு கணம் தடுமாறினாள். இருக்கட்டும் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. பேர் இருந்தும் அந்த மனிதர் கையெழுத்துப் போடாவிட்டால் என்ன பிரயோஜனம்? "மாத்திடுங்க" என்றாள்.

பொறியாளர் அடுத்த செவ்வாய்க்கிழமை காலையில் வந்தார். முப்பது வயதிருக்கும் பெண், சேறு அப்பிய பூட்ஸ், காதோரம் பென்சில். வெள்ளையாகப் பேசினார். "பயப்படாதீங்கம்மா, நான் இடிக்க வரல. பாக்கத்தான் வந்திருக்கேன். பாத்துட்டுத்தான் மத்தது." அவரோடு வர வேண்டிய தோண்டும் ஆள் வரவில்லை. பொறியாளர் போனில் சத்தம் போட்டுக்கொண்டிருக்கும்போதே மேஸ்திரி கடப்பாரையோடு பின்பக்கம் வந்தார்.

"எங்க தோண்டணும், சொல்லுங்க."

"ஐயா, உங்க முட்டி..." என்று தையல்காரம்மா பதறினாள். பொறியாளர் முன்னால் பேச வாய் தடுமாறி, கட்டினவரையே ஐயா என்று கூப்பிட்டுவிட்டாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு காலை நீட்டியபடி தரையில் உட்கார்ந்து, காட்டிய இடத்தில் தோண்ட ஆரம்பித்தார். ஒவ்வொரு குத்தும் அவளுக்குத் தன் மேலேயே விழுவதுபோல இருந்தது. இந்த மனிதர் அறையைக் காப்பாற்றுகிறாரா, குழி பறிக்கிறாரா என்றே அவளுக்குத் தெரியவில்லை.

முதல் குழியில் பொறியாளர் டேப்பை இறக்கினார். மறுபடி இறக்கினார். "என்னம்மா இது, அஸ்திவாரம் இவ்வளவு அகலமா இருக்கு? ஆழமும் கூட. இந்த ஷீட் ரூமுக்கு இதுல பாதி போதுமே. யாரு சொல்லி இப்படிப் போட்டீங்க?"

அவளுக்கு வெட்கமாகிவிட்டது. "யாரும் சொல்லலம்மா. துணியில எப்பவும் உள்ளுக்குக் கொஞ்சம் கூடுதலா விட்டுத்தான் வெட்டுவோம். பின்னாடி பிரிச்சுப் பெரிசாக்கணும்னா வேணுமே. அந்தப் பழக்கத்துல... தப்புங்களா?"

பொறியாளர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "தப்பு இல்ல" என்று சொல்லிக் குறித்துக்கொண்டார். இரண்டாவது குழியும் அப்படியே இருந்தது. தையல்காரம்மா மூச்சு விட்டாள். ஆனால் அதற்குள் பொறியாளர் மட்டப்பலகையோடு வடக்கு மூலைக்குப் போய்விட்டார். அங்கே நின்று பென்சிலால் சுவரைத் தட்டினார். முகம் மாறியது.

"இங்க ஒரு வரி வெளிய தள்ளியிருக்கே. அரை விரல் இருக்கும். இது இப்பத் தள்ளினதா, அப்பவே அப்படியா? இப்பத் தள்ளினதுன்னா சுவர் நகருதுன்னு அர்த்தம். அப்படின்னா என்னால சான்று குடுக்க முடியாது."

தையல்காரம்மா பார்த்தாள். தள்ளித்தான் இருந்தது. எப்போது தள்ளியது? ஞாபகமில்லை. உள்ளே அந்த மூலையைத் துணி மூட்டைகள் மறைத்துவிட்டன, வெளியே வந்து பார்த்தவள் யார்? போயிற்று, எல்லாம் போயிற்று என்று சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அது பதினாலாவது வரி" என்று குழியோரத்திலிருந்து மேஸ்திரி குரல் வந்தது. "மழ பேஞ்ச மறுநாள் வெச்சது. செங்கல்லு தண்ணியக் குடிச்சு ஊறிக்கெடந்திருக்கும். அப்படி வெச்சா கலவ நழுவும், கல்லு கொஞ்சம் ஓடும். வெச்ச அன்னிக்கே ஓடினதுதான். மேல பாருங்க. பதினஞ்சாவது வரியிலேயே புரிஞ்சுக்கிட்டு இழுத்து நேராக்கிட்டா. அதுக்கு மேல ஒரு நூலு விலகல் இருக்காது. சுவரு நகந்திருந்தா மேல இருக்கிறதும் சேந்தில்ல வந்திருக்கும்?"

பொறியாளர் கீழிருந்து வரிகளை எண்ணினார். பதினான்குதான். மேலே ஏணி போட்டு ஏறிப் பார்த்தார், கல்லிடுக்கில் இருந்த கலவையைச் சுரண்டிப் பார்த்தார். இறங்கி வரும்போது முகம் தெளிந்திருந்தது. "ஆமா. பழசுதான். இது ஒண்ணும் செய்யாது."

தையல்காரம்மாவின் காதில் அது சரியாக விழவில்லை. பதினாலாவது வரி என்று இவருக்கு எப்படித் தெரியும்? மழை பெய்தது எப்படித் தெரியும்? இவர்தான் ஊரிலேயே இல்லையே. தன் சுவரைத் தன்னைவிட இவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறதே என்று திகைத்து, குழியோரத்தில் உட்கார்ந்திருந்தவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பொறியாளர் வெட்டும் மேசையில் தாளை விரித்தார். கட்டியவர் என்ற இடத்தில் தையல்காரம்மாவின் பெயரை எழுதி, அவளிடம் கையெழுத்து வாங்கினார். பிறகு, "மேஸ்திரி, நீங்களும் ஒரு கையெழுத்துப் போடுங்க. லைசென்ஸ் உள்ள ஒருத்தர் சுவரச் சோதிச்சுப் பாத்ததா போட்டா எனக்கும் பலமா இருக்கும். சோதிச்சவர்னு ஒரு எடம் இருக்கு பாருங்க. கட்டாதவங்கதான் அதுல போடணும்" என்றார்.

இந்தத் தடவை அவர் மறுப்புச் சொல்லவில்லை. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, அறையின் படியேறி உள்ளே வந்தார். குனிந்து கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் தேதியையும் நிதானமாக எழுதினார்.

பொறியாளர் தாளை எடுத்துப் பார்த்துவிட்டு, "என்னங்க ஐயா, வருஷத்த மாத்திப் போட்டுட்டீங்க? மாசமும் தப்பு. முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னாடி தேதி இது" என்றார்.

"தப்பு இல்லம்மா. நான் சோதிச்சது அன்னிக்குத்தான்" என்றார் மேஸ்திரி. "இன்னிக்கு நான் சுவர எங்க பாத்தேன்? குழிதானே தோண்டினேன்."

தையல்காரம்மா தாளை வாங்கினாள். கண்ணாடி நெற்றியில் இருந்தது. அதை இறக்கிப் போட்டுக்கொண்டு படித்தாள். அவர் பெட்டியோடு வந்து இறங்கிய நாள். அன்றைக்கே பார்த்திருக்கிறார், அன்றைக்கே சரி என்று முடிவு செய்திருக்கிறார். இவள் பாட்டுக்கு முப்பத்தோரு வருடம்... அவளுக்கு அழுகை வந்தது. கூடவே இன்னதென்று தெரியாத ஒரு கோபமும் வந்தது. எதை முதலில் வெளியே விடுவது என்று புரியவில்லை.

"ஏங்க, ஒரு வார்த்த சொல்லியிருந்தா வாய் வலிச்சிருக்குமா? நான் என்னென்ன நெனச்சு..."

மேஸ்திரி உண்மையாகவே விழித்தார். "என்னத்தச் சொல்றது? குத்தம் இருந்திருந்தா சொல்லியிருக்க மாட்டேனா?"

பொறியாளர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். தன் படிவத்தில் இதற்கெல்லாம் இடமில்லை என்பதுபோலத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, காதிலிருந்த பென்சிலை எடுத்தார்.

"அம்மா, நான் என்ன செய்யட்டும்? ஆபீஸ்ல கேள்வி கேப்பாங்க. இன்னிக்குத் தேதியா மாத்திடட்டுமா?"

தையல்காரம்மா தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"மாத்தாதீங்க" என்றாள்.